தனித்துப் பழகும் பிள்ளை
மதிப்பீட்டு அறிக்கையை நாம் அறிந்து கொள்வது எப்படி?

திருத்தணி மலைக்கு 365 படிகள் என்பதை நம் வட்டாரத்தில் அறியாதவர் இலர். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்று பெரியோர் கூறுவர். ஆடிக் கிருத்திகையன்று காவடிகளும் மேளமும் அரோகரா முழக்கமும் மலையை நிறைக்கின்றன. தம் குழந்தைகளுக்கு முடி காணிக்கை செலுத்த வரும் குடும்பங்கள் மிகப் பல. அக்குழந்தைகளிற் பெரும்பாலோர் சிறிது அழுது ஓய்ந்து விடுவர். ஆனால், தண்ணீரும் கத்தியும் தலையிற் பட்டவுடன் உயிர் போவது போல் அலறி, மேள ஒலிக்குக் காதைப் பொத்திக் கொண்டு ஒரு மூலையில் ஒடுங்கி, வீடு திரும்பிப் பல மணி நேரம் ஆகியும் தேறாத பிள்ளை ஒன்றிரண்டும் உண்டு. "செல்லம் கொடுத்துக் கெடுத்து விட்டார்கள்" என்று பக்கத்தில் நிற்போர் கூறுவர். பெற்றோர் தலை குனிவர்.

இப்படி ஒரு நாள் நடந்தால் அதில் பொருள் ஏதும் இல்லை. அழுத குழந்தை எல்லாம் குறையுள்ள குழந்தையன்று. ஆயினும், இதனோடு வேறு சில தன்மைகளும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் தொடருமானால், அப்பிள்ளையை முறையாகப் பரிசோதித்து அறிய வேண்டும். அப்பரிசோதனை எத்தகையது, அதன் முடிவில் கையில் தரப்படும் தாளை எவ்வாறு படித்துணர்வது, அதன் பின் குடும்பமும் பள்ளியும் பஞ்சாயத்தும் செய்ய வேண்டுவன யாவை என்பதே இப்பாடத்தின் பொருள்.

ஒரு சிறுவனை எண்ணிக் கொள்வோம்

பாடம் விளங்கும் பொருட்டு எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை நாம் எண்ணிக் கொள்வோம். தந்தைக்கு நிலக்கடலையும் கரும்பும் விளையும் சிறிது நிலம். வீட்டின் ஒரு பகுதியில் விசைத்தறி. சிறுவன் உரிய வயதிலேயே பேசினான். எழுத்துக்களை விரைவில் கற்றான். சென்னையிலிருந்து திருத்தணி வழியே செல்லும் இரயில்களின் பெயர், எண், நேரம் அனைத்தும் அவனுக்கு மனப்பாடம். வீட்டிற்கு வருவோரிடம் எல்லாம் அதையே கூறுவான். கேட்பவர் சலிப்பது அவனுக்குத் தெரியாது.

பள்ளியில் அவனுக்கு நண்பர் இல்லை. விளையாட்டில் தன் விதியை மற்றவர் மாற்றினால் அழுவான். வழக்கமாகச் செல்லும் பாதையை விட்டு வேறு வழியிற் சென்றால் நடக்க மறுப்பான். தறி ஓடும் ஓசைக்கு வீட்டை விட்டு ஓடுவான். "காதைக் கொடுத்துக் கேள்" என்று ஆசிரியர் கூறினால், காதை எப்படிக் கொடுப்பது என்று உண்மையாகவே வினவுவான். அது திமிர் என்று கருதப்பட்டு அடியும் விழும். ஒரு நாள் மருத்துவர் ஒருவர் அவனைக் கண்டு, "ஆஸ்பெர்ஜர் வகையாக இருக்கலாம், முழு மதிப்பீடு தேவை" என்று எழுதித் தருகிறார். தந்தை அத்தாளை மடித்துப் பெட்டியில் வைத்து விடுகிறார். "இருக்கலாம் என்றால் உண்டா, இல்லையா?" என்பது அவருடைய கேள்வி. தாய்க்கோ, ஊரார் அறிந்தால் என்ன சொல்வார்களோ என்ற கவலை.

அத்தாள் பெட்டியிற் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் அச்சிறுவனுக்கு இழப்பேயாகும். ஆகவே அதை வெளியே எடுத்துப் படிப்போம்.

பெயரின் வரலாறு

1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவரும், 1944-ல் வியன்னா நகரில் ஹான்ஸ் ஆஸ்பெர்ஜர் என்னும் மருத்துவரும், பிறரோடு பழகுவதில் இயல்பாகவே வேறுபட்ட குழந்தைகளைப் பற்றி எழுதினர். ஆஸ்பெர்ஜர் விவரித்த சிறுவர் பேச்சிலும் அறிவிலும் பின்தங்கியவர் அல்லர். பெரியவர்களைப் போலப் பேசுவர். தமக்குப் பிடித்த ஒன்றிலேயே ஆழ்ந்திருப்பர். இங்கிலாந்தைச் சேர்ந்த லோர்னா விங் என்னும் அம்மையார் 1981-ல் எழுதிய கட்டுரையினால் 'ஆஸ்பெர்ஜர்' என்ற பெயர் பரவியது. 1994-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் அது தனிப் பெயராக இடம் பெற்றது. 2013-ல் அக்கையேடு திருத்தப்பட்ட போது அத்தனிப் பெயர் நீக்கப்பட்டு, 'ஆட்டிசம்' என்னும் விரிந்த நிலைக்குள் சேர்க்கப்பட்டது. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக நல நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் அவ்வாறே கொள்கிறது. அன்றியும், ஆஸ்பெர்ஜர் நாஜி ஆட்சிக்கு ஒத்துழைத்துச் சில குழந்தைகளை, ஏறத்தாழ 800 குழந்தைகள் மாண்ட ஒரு நிலையத்துக்கு அனுப்பியவர் என்பது 2018-ல் வெளியான ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. அதனால் அப்பெயரைப் பலர் விரும்புவதும் இல்லை. ஆயினும் பழக்கத்தின் காரணமாகச் சில மருத்துவர்கள் அதனை இன்றும் எழுதுகின்றனர்.

இதனாற் சிலர் குழப்பம் அடைகின்றனர். ஒரு தாளில் ஆஸ்பெர்ஜர், மற்றொரு தாளில் ஆட்டிசம் என்றிருந்தால், பிள்ளையின் நிலை மோசமாகி விட்டதோ என அஞ்சுகின்றனர். திருத்தணி மக்களுக்கு இதனை விளக்குவது எளிது. நம் ஊர் 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. எல்லைக் கோடு மாறிற்று. மலையும் படிகளும் மாறவில்லை. அதுபோலவே, நூல்களில் எல்லை மாறியதேயன்றிப் பிள்ளை மாறவில்லை. எனினும், எல்லை மாறிய போது எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது என்பது மாறியதல்லவா? இங்கும் அப்படியே. நம் சட்டத்தில் இடம் பெற்றுள்ள பெயர் ஆட்டிசம் என்பதே. ஆகவே சான்றிதழ் வேண்டுவோர் அப்பெயராலேயே முடிவு எழுதப்பட்டுள்ளதா என்று பார்த்துக் கொள்ளுதல் நன்று.

மண் பரிசோதனையும் பிள்ளையின் மதிப்பீடும்

நிலத்தின் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பும் விவசாயி, ஒரே இடத்தில் மண் எடுப்பதில்லை. வரப்போரமும் எருக்குவியல் இருந்த இடமும் தவிர்த்து, வயலின் பல இடங்களில் எடுத்துக் கலந்து அனுப்புகிறார். முடிவு வந்ததும், "என் நிலம் தேறிற்றா, தவறிற்றா?" என்று அவர் கேட்பதில்லை. எச்சத்து குறைவு, எப்பயிர் ஏற்றது, என்ன உரம் இடுவது என்றே கேட்கிறார். பிள்ளையின் மதிப்பீட்டையும் இந்நோக்குடனேயே அணுக வேண்டும்.

ஆட்டிசத்தை இரத்தப் பரிசோதனையாலோ மூளைப் படத்தாலோ கண்டுபிடிக்க இயலாது. பிள்ளையின் நடத்தையைப் பல இடங்களில், பலர் வாயிலாக அறிந்தே முடிவு செய்யப்படுகிறது. முழு மதிப்பீட்டில் பின்வருவன அடங்கும்:

1. கருவுற்ற காலம் முதல் இன்று வரை பிள்ளை வளர்ந்த வரலாற்றைப் பெற்றோரிடம் கேட்டறிதல்.
2. பிள்ளையுடன் விளையாடியும் பேசியும் நேரில் கவனித்தல்.
3. செவியும் கண்ணும் பழுதற்றவையா எனச் சோதித்தல். காது சரியாகக் கேளாத பிள்ளையும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாது என்பதை மறத்தல் கூடாது.
4. அறிவுத் திறனையும், உண்ணல், உடுத்தல், கடைக்குச் சென்று வருதல் போன்ற அன்றாடத் திறன்களையும் அளத்தல்.
5. பேச்சைச் சோதித்தல். சொற்கள் எத்தனை தெரியும் என்பது மட்டுமன்றி, மாறி மாறி உரையாட இயலுகிறதா என்பதையும் பார்ப்பர்.
6. பள்ளி ஆசிரியரின் குறிப்பு.

இவற்றைக் கொண்டு மருத்துவர் இரண்டு பகுதிகளை ஆராய்வார். முதலாவது, பிறரோடு பழகுதல். உணர்ச்சியைப் பகிர்ந்து உரையாடல், முகக்குறிப்பும் கையசைவும் அறிதல், நட்புக் கொள்ளல் என்னும் மூன்றிலும் இடர்ப்பாடு இருத்தல் வேண்டும். இரண்டாவது, மாறாத வழக்கங்கள். ஒரே அசைவையோ சொல்லையோ திரும்பத் திரும்பச் செய்தல், மாற்றத்தைப் பொறாமை, ஒரே பொருளில் மிகுந்த பற்று, ஒலி, ஒளி, தொடுகை முதலியவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ அசைதல் என்னும் நான்கில் இரண்டேனும் இருத்தல் வேண்டும். இவை இளமையிலேயே தோன்றியிருக்க வேண்டும். அன்றாட வாழ்வுக்கு இடையூறாகவும் இருக்க வேண்டும். இரயில் நேரம் மனப்பாடமாக இருப்பது மட்டும் ஒரு குறையாகாது.

'இருக்கலாம்' என்ற சொல்லின் பொருள் இப்போது விளங்கும். ஒரே இடத்து மண்ணைக் கொண்டு முடிவு கூறாத நேர்மையே அச்சொல். அது மேலும் பார்க்க வேண்டும் என்ற அழைப்பேயன்றி, மருத்துவரின் அறியாமையன்று. கவனக் குறைவு, மிகு அச்சம், எழுத்துக் கற்பதில் தடை ஆகியவையும் இதனை ஒத்திருக்கலாம். இதனுடன் சேர்ந்தும் வரலாம். பெண் குழந்தைகள் மற்றவரைப் பார்த்து நடந்து தம் இடரை மறைத்துக் கொள்வதால், அவர்களிடம் இது கவனிக்கப்படாமற் போவது மிகுதி. "அடக்கமான பெண்" என்று நாம் பாராட்டும் சிறுமி பள்ளியில் ஒருவரிடமும் பேசாதவளாக இருக்கலாம்.

எண்களைப் படித்தல்

நம் நாட்டில் ஆட்டிசத்தின் அளவை அறிய, செகந்திராபாத்தில் உள்ள தேசிய நிறுவனத்தில் 2009-ல் ஓர் இந்திய அளவுகோல் வகுக்கப்பட்டது. அதில் 40 வினாக்கள் உள. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை எண் இடுவர். ஆகவே எவ்விதக் குறையும் இல்லாத பிள்ளைக்கும் 40 வரும். மிகுதியான எண் 200. எழுபதுக்குக் குறைந்தால் ஆட்டிசம் இல்லை என்றும், 70 முதல் 106 வரை இலேசானது என்றும், 107 முதல் 153 வரை நடுத்தரம் என்றும், அதற்கு மேல் கடுமை என்றும் கொள்வர்.

இங்கே இரு பிழைகள் நேர்வதுண்டு. முதலாவது, இதனைத் தேர்வு மதிப்பெண் போல எண்ணுவது. இதில் எண் உயர்ந்தால் இடர் உயர்கிறது. இரண்டாவது, அளவுகோலின் எண்ணையும் சான்றிதழிற் காணும் சதவீதத்தையும் ஒன்றெனக் கருதுவது. அளவுகோலில் 40 என்றால் குறை ஒன்றும் இல்லை. சான்றிதழில் 40 சதவீதம் என்றால் சட்டப்படி பல உதவிகளுக்கு உரிமை உண்டு. இரண்டும் முற்றிலும் வேறானவை. எது எந்த எண் என்று மருத்துவரிடமே கேட்டு, தாளின் ஓரத்திற் குறித்துக் கொள்ளுதல் நலம்.

அன்றியும், பேச்சும் அறிவும் நன்கு அமைந்த பிள்ளைகளுக்கு, நம் சிறுவனைப் போன்றோர்க்கு, இவ்வெண் தாழ்வாக வரக்கூடும். அதனால் அவர்களுடைய இடர் பொய்யாகி விடாது. எண் சிறிதாயினும் பள்ளியில் அடிபடுபவன் அச்சிறுவனே.

இரு மொழி பேசும் வீடுகள்

நம் வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் பல. "இரண்டு மொழி பேசியதால் பிள்ளை குழம்பி விட்டான், ஒன்றை விட்டு விடுங்கள்" என்று சிலர் அறிவுரை கூறுவதுண்டு. இரு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உண்டாவதில்லை; அது மிகுவதும் இல்லை. தாயும் பாட்டியும் தமக்கு இயல்பான மொழியில் பேசுவதை நிறுத்தினால், பிள்ளைக்குக் கிடைக்கும் பேச்சே குறைந்து விடும். ஆனால் மதிப்பீட்டுக்குச் செல்லும் போது வீட்டு மொழி எது என்பதை முதலிலேயே கூற வேண்டும். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளையைத் தமிழில் மட்டும் வினவி, பதில் இல்லை என்று எழுதினால், அது பிழையான அளவாகும்.

காரணம் பற்றிய தவறான கருத்துக்கள்

ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் பிறப்பிலேயே அமையும் வேறுபாடு. பரம்பரைக்கு அதில் பெரும் பங்கு உண்டு. தாயின் அன்புக் குறைவால் வருவது என்று மேல்நாட்டில் ஒரு காலத்தில் அறிஞர் சிலரே கூறினர். அது தவறென ஒதுக்கப்பட்டு விட்டது. தடுப்பூசியால் வருகிறது என்று 1998-ல் இங்கிலாந்தில் வெளியான கட்டுரையை, அதனை வெளியிட்ட மருத்துவ இதழே 2010-ல் விலக்கிக் கொண்டது. ஆகவே தட்டம்மைத் தடுப்பூசியை எவரும் தவிர்த்தல் கூடாது.

இதனை அடியோடு மாற்றும் மருந்தும் இல்லை. குருத்தணுச் சிகிச்சை என்ற பெயரால் பெருந்தொகை கேட்போர் உளர். ஆட்டிசத்துக்கு அது பயன் தருவதாக நிறுவப்படவில்லை. நிலத்தை அடகு வைத்து இத்தகையவற்றின் பின் செல்வது பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் கேடு. வேண்டுதலும் வழிபாடும் பெற்றோருக்கு மன உறுதி தருவன. அவற்றோடு பயிற்சியும் தொடர வேண்டும். காணிக்கை செலுத்த விரும்புவோர் கூட்டமில்லாத நாளில், காலை வேளையில் செல்லலாம். என்ன நடக்கும் என்பதைப் பிள்ளைக்கு முன்னதாகவே படம் வரைந்து காட்டலாம்.

அறிக்கைக்குப் பின்

அறிக்கையின் கடைசிப் பகுதியில் 'பரிந்துரை' என்றிருக்கும். முதலிற் படிக்க வேண்டியது அதுவே. அது வெறுமையாக இருந்தால், "நாளை முதல் வீட்டில் என்ன செய்வது? பள்ளியில் என்ன கூறுவது? மீண்டும் எப்போது வருவது?" என்ற மூன்று வினாக்களையும் கேட்டுப் பதிலை எழுதி வாங்க வேண்டும்.

வீட்டில் நாளின் வேலைகளைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டலாம். மாற்றம் வரும் போது முன்கூட்டியே சொல்லலாம். நேரான, குறுகிய சொற்களிற் பேசலாம். தறி ஓடும் நேரத்தில் பிள்ளை இருக்க அமைதியான இடம் ஒன்றை ஒதுக்கலாம். அவனுக்குள்ள இரயில் பற்றைக் கொண்டே கணக்கும் நாட்டுப் படமும் கற்பிக்கலாம்; பற்றினைப் பறிப்பதில் பயனில்லை.

ஆசிரியர் தினமாக நாடு போற்றும் செப்டம்பர் 5-க்கு உரியவரான டாக்டர் இராதாகிருஷ்ணன் 1888-ல் பிறந்த ஊர் திருத்தணி. இவ்வூர்ப் பள்ளிகள் மற்றவற்றுக்கு வழிகாட்ட வேண்டாமா? உடலைத் துன்புறுத்தும் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. முன் வரிசையில் இடம், தெளிவான கட்டளை, இடைவேளையில் துணைக்கு ஒரு நல்ல மாணவன் ஆகிய இவற்றுக்குச் செலவு ஏதும் இல்லை. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரையும் பள்ளி அழைத்துக் கொள்ளலாம்.

சட்டமும் உதவியும்

1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் இடம் பெறவில்லை. 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனை ஏற்றது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாக அதனைச் சேர்த்தது. சான்றிதழில் 40 சதவீதமும் அதற்கு மேலும் உடைய பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. நாற்பதுக்குக் குறைந்தாலும், மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரே பள்ளியிற் கற்கும் உரிமை எக்குழந்தைக்கும் மறுக்கப்படுவதில்லை. சான்றிதழ் பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திற் கேட்டறியலாம். சான்றிதழ் பெறுவது பெற்றோரின் விருப்பமே, எவரும் வற்புறுத்தலாகாது.

முதற்படி மிக அருகிலேயே உள்ளது. அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ கூறினாற் போதும். 2013 முதல் நடைபெறும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வருகிறது. அங்கிருந்து மாவட்ட மையத்துக்கு அனுப்புவர். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கி வருகிறது.

பஞ்சாயத்தின் கடமை

உலக நல நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் ஏறக்குறைய 127 பேரில் ஒருவர் ஆட்டிசம் உடையவர். அப்படியானால் ஆயிரம் பேர் வாழும் ஊரில் ஏழெட்டுப் பேர் இருக்கக்கூடும். அவர்களுள் எவரும் நம் கண்ணிற் படவில்லை என்றால், நாம் அவர்களைப் பைத்தியம், திமிர், சோம்பல் என்னும் பெயர்களால் அழைத்துக் கொண்டிருக்கிறோம் என்றே பொருள்.

பஞ்சாயத்து உறுப்பினர் மருத்துவராக வேண்டியதில்லை. மூன்று காரியங்கள் போதும். கிராம சபையில் பள்ளிக்கு வராத பிள்ளைகளின் கணக்கைக் கேட்பது. மாவட்ட மையத்துக்குச் செல்லப் பேருந்துச் செலவுக்கும் ஒரு நாட் கூலிக்கும் வழியற்ற குடும்பத்துக்குத் துணை நிற்பது. அறிந்ததைத் திண்ணையிற் பேசாமல் காப்பது. இவற்றுள் மூன்றாவதே அரியது. பிள்ளையின் பெயர் ஊர்ப் பேச்சாகி விட்டால், அடுத்த வீட்டுத் தாய் தன் பிள்ளையை அழைத்து வர அஞ்சுவாள். 2025-ல் நம் சட்டமன்றம் மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி அமைப்புகளில் நியமன உறுப்பினராக்க வழி செய்துள்ளதையும் நினைவிற் கொள்வோமாக.

நாம் எண்ணிய சிறுவனுக்கு முழு மதிப்பீடு முடிந்தது என்று வைத்துக் கொள்வோம். முடிவு 'ஆம்' என்றிருந்தாலும், 'இல்லை' என்றிருந்தாலும், மறுநாட் காலையில் அவன் அதே பையை மாட்டிக் கொண்டு அதே வழியிற் பள்ளிக்குச் செல்வான். "காதைக் கொடுத்துக் கேள்" என்பதற்குப் பதிலாக, "நான் சொல்வதைக் கவனி" என்று ஆசிரியர் கூறுவாராயின், அறிக்கையை நன்கு படித்தோம் என்று நாம் மகிழலாம்.

கலந்து பேச வினாக்கள்

1. மதிப்பீட்டில் 'இருக்கலாம்' என எழுதுவது ஏன்?
2. அளவுகோலின் எண்ணுக்கும் சான்றிதழின் சதவீதத்துக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. வீட்டு மொழியை மருத்துவரிடம் முதலிலேயே கூறுவது ஏன்?
4. நம் ஊரில் பள்ளிக்குச் செல்லாத பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களை இதுவரை யார் பார்த்துள்ளனர்?